எழும்பி நிற்கும் நகம் மறுபடி ஒட்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வீட்டில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறீர்கள். நாலு மாதமாக வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் நகங்கள் இரண்டும் நுனியிலிருந்து வெள்ளையாகி, அடியில் இருக்கும் சதையை விட்டு எழும்பி நிற்கின்றன. வலி இல்லை, அரிப்பு இல்லை. மருந்துக்கடையில் விரலைக் காட்டியதும் "நகச்சொத்தை, பூஞ்சைதான்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் மாற்றம் இல்லை. நகத்துக்கு நல்லது என்று பயோட்டின் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறீர்கள். அடியில் சேரும் மாவையும் அழுக்கையும் தினமும் ஊக்கால் நோண்டி எடுக்கிறீர்கள். நகம் மறுபடி ஒட்டுமா, வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "மாவு வாங்க வருகிறவர்கள் என் விரலையே பார்க்கிறார்கள்." உங்களை உறுத்துகிற கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இது ஒட்டுவாரொட்டியா, என் பிழைப்பைக் கெடுத்துவிடுமா என்பதுதான் அது.

நான் தோல் மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், முதலில் தூத்துக்குடியில், அப்புறம் மதுரையில். ஐஸ் தண்ணீரில் கையை வைத்து இறால் உரிக்கிறவர்கள், மல்லிகைப்பூ கட்டுகிறவர்கள், ஓட்டல்களில் சின்ன வெங்காயமும் பூண்டும் உரிக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழும்பிய பகுதி எழும்பியதுதான், அது திரும்ப ஒட்டாது. ஆனால் வேரிலிருந்து புதிதாக வளர்ந்து வருகிற நகம் சதையோடு ஒட்டிக்கொண்டே வரும், நாம் இடையில் கெடுக்காமல் இருந்தால். நகம் எழும்புவது என்பது தன்னளவில் யாருக்கும் தொற்றாது. அடியில் பூஞ்சை இருந்தால் அது வேறு கதை. அதைப் பரிசோதனை செய்துதான் சொல்லமுடியும், கடையில் நின்று விரலைப் பார்த்துச் சொல்லமுடியாது.

நெருக்கமான இரண்டு பேரை நகமும் சதையும் மாதிரி என்கிறோம். அந்த நெருக்கம் சும்மா பசை போட்டு ஒட்டியது போன்றதல்ல. நகத்தின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் இருக்கின்றன. அடியில் இருக்கும் சதையிலும் அதேபோல வரிகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொண்டு, வேரிலிருந்து நுனிவரை சேர்ந்தே நகர்ந்து வருகின்றன. நுனியில், நகம் சதையை விட்டு விலகும் இடத்தில், தோல் ஒரு அடைப்பு மாதிரி இருந்து தண்ணீரும் அழுக்கும் உள்ளே போகாமல் தடுக்கிறது. அந்த அடைப்பு ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், காற்று உள்ளே போகும். நீங்கள் பார்க்கிற வெள்ளை நிறம் அந்தக் காற்றுதான். நகம் கெட்டதால் வந்த நிறமாக இருக்கவேண்டும் என்பதில்லை. விரலை நகத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் இடம் வரை நகம் ஒட்டியிருக்கிறது, வெள்ளை தொடங்கும் கோட்டிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அந்தக் கோட்டை நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பற்றித்தான்.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு நகம் வேரிலிருந்து நுனிவரை முழுதாக மாற 6 மாதம் ஆகும். கால் நகம் அதைவிட மெதுவாக வளரும், பெருவிரல் நகம் மாற 12 முதல் 18 மாதம் வரை ஆகலாம். அதனால் எந்த மருந்தைப் போட்டாலும் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் நகம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். பாதி நகம் விட்டுப்போயிருந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தால், மூன்று நாலு மாதத்தில் அந்த இடத்தை நல்ல நகம் மூடும். இங்கே அவசரமும் ஒன்று இருக்கிறது. நகம் விட்டுப்போன நிலையிலேயே நெடுநாள் கிடந்தால், அடியில் இருக்கும் சதை மெல்ல மெல்லத் தோலாக மாறிவிடும். விரல்நுனியில் இருப்பது போன்ற ரேகைகள்கூட அங்கே விழும். அப்படி மாறிய இடத்தில் புது நகம் ஒட்டாது, நகம் குட்டையாகவே நின்றுவிடும். நாலு மாதம் என்பது கைமீறிய காலம் இல்லை. ஆனால் இன்னும் ஒரு வருடம் இப்படியே தள்ளிப்போடக்கூடாது.

சரி, ஊக்குக்கு வருவோம். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். நகத்துக்கு அடியில் வெள்ளையாக மாவு தெரிகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, நோண்டி எடுக்கிறீர்கள். எடுக்கும்போது ஊக்கின் முனை அந்த இளஞ்சிவப்புக் கோட்டில் போய் இடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ, ஒட்டியிருந்த நகம் விட்டுப்போகிறது. ஒரு மாதம் முழுக்க நகம் வளர்ந்து சேர்த்ததை ஓரிரு வாரத்தில் ஊக்கு திருப்பி எடுத்துவிடுகிறது. இடைவெளி இன்னும் ஆழமாவதால் மாவு இன்னும் உள்ளே போகிறது, இன்னும் நோண்ட வேண்டியிருக்கிறது. பூக்கட்டும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். நாரைக் கிழிக்கவும் முடிச்சை இறுக்கவும் பெருவிரல் நகத்தையே கருவியாகப் பயன்படுத்துகிறவர். இரண்டு வருடமாக எத்தனையோ களிம்பு போட்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சுட்டுவிரல் நகம் பெருவிரல் நகத்துக்கு அடியில் போய் வருடிக்கொண்டே இருந்தது, அவருக்கே தெரியாமல். அந்தப் பழக்கத்தை நிறுத்தி, நகத்தை ஒட்ட வெட்டி, விரலைச் சுற்றி ஒரு துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வேலை செய்யச் சொன்னேன். வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஐந்தாவது மாதம் நகம் நுனிவரை ஒட்டியிருந்தது. ஊக்கு, தீக்குச்சி, நகவெட்டியில் மடித்து வைத்திருக்கும் அந்தக் கூர்மையான தகடு எதுவும் இன்றிலிருந்து அடியில் போகவேண்டாம்.

நகச்சொத்தை என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். பல்லில் பூச்சி விழுந்தது போல நகத்திலும் ஏதோ விழுந்துவிட்டது என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடுகிறது. உண்மையில் அது பார்வைக்கு நகம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல். ஒரு நோயின் பெயர் இல்லை. உருக்கெட்டுப்போன நகங்களில் கிட்டத்தட்டப் பாதிதான் பூஞ்சையால் வருகிறது. மீதிப் பாதிக்குப் பூஞ்சை மாத்திரை கொடுத்துப் பயனில்லை. பூஞ்சையாக இருந்தால் நகம் பெரும்பாலும் தடிக்கும், மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும், அடியில் உதிரி உதிரியாகத் தூள் சேரும். ஒட்டியிருக்கும் இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் நடுவே இருக்கும் கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கி இருக்கும். அடிபடுவதும் ஈரமும் காரணமாக இருந்தால் நகம் மெல்லியதாகவே, வழுவழுப்பாகவே இருக்கும், கோடு சீராக ஓடும். இது நல்ல அடையாளம்தான், ஆனால் தீர்ப்பு இல்லை. இன்னொன்று, கால்களைப் பாருங்கள். கை நகத்தில் வரும் பூஞ்சை பெரும்பாலும் காலில் முன்னாலேயே குடியிருந்திருக்கும். இரண்டு பாதங்களிலும் தோல் வறண்டு செதில் உதிர்ந்து, கூடவே ஒரு கையில் மட்டும் உள்ளங்கையும் நகமும் கெட்டிருந்தால் பூஞ்சை என்று பலமாகச் சந்தேகப்படலாம். கால் சுத்தமாக இருந்து கையில் இரண்டு நகம் மட்டும் என்றால் சந்தேகம் குறைகிறது.

பரிசோதனை எளிமையானது. நகத்தின் அடியில், ஒட்டிய இடத்துக்கு அருகிலிருந்து தூளைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இது வழக்கமாகச் செய்வதுதான். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை முடிவு தெரிய மூன்று நாலு வாரம் ஆகும். பூஞ்சை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் இருக்கிற பூஞ்சையும் தெரியாமல் போகலாம், அதனால் சில வாரம் நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும். ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி எடுப்போம்.

இரண்டு மாதம் சாப்பிட்ட மாத்திரையைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அது எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டெர்பினாஃபைனாக இருந்தால் கை நகத்துக்கு வழக்கமான அளவு தினம் 250 மில்லிகிராம், 6 வாரம். கால் நகத்துக்கு 12 வாரம். மருந்து வேலை செய்தாலும் கெட்டுப்போன நகம் நல்ல நகமாக மாறாது, வேரிலிருந்து நல்லது வளர்ந்து வந்து கெட்டதைத் தள்ளவேண்டும். அதனால் நுனியைப் பார்த்துப் பயனில்லை என்று முடிவு கட்டாதீர்கள், வேர்ப்பக்கம் பாருங்கள். இரண்டு மாதத்தில் 6 மில்லிமீட்டர் புது நகம் வந்திருக்கவேண்டும். அது சதையோடு ஒட்டி வந்திருக்கிறதா, அல்லது வெள்ளைக் கோடு அதே இடத்தில் நிற்கிறதா? நிற்கிறது என்றால் பூஞ்சை இல்லாமல் இருக்கலாம், அல்லது ஊக்கு மருந்தை முந்திக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் பரிசோதனை இல்லாமல் இன்னொரு பட்டை மாத்திரை வாங்கவேண்டாம். இந்த மாத்திரைகள் ஈரலைப் பாதிக்கக்கூடியவை, வேறு மருந்துகளோடு மோதக்கூடியவை. வாங்கியது கீட்டோகோனசோல் மாத்திரை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஈரல் பாதிப்பு காரணமாக அதன் பயன்பாட்டை 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாகச் சுருக்கிவிட்டது. நகத்துக்கு அதைச் சாப்பிட எந்த நியாயமும் இல்லை. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்புகளையும் மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள். நம் ஊரில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதில் அந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பூஞ்சை இல்லை என்றால் வேறு என்ன? சோரியாசிஸ் இருக்கிறவர்களுக்கு நகம் எழும்பும். நகத்தின் மேலே குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், நகத்துக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் சிவப்புத் திட்டு, வெள்ளைப் பகுதியைச் சுற்றிச் செம்மையான ஓரம் ஆகியவை அதன் அடையாளம். தலையில் செதில் செதிலாகப் பொடுகு, முழங்கையில் தடிப்பு, விரல்நுனி மூட்டில் வலியோ வீக்கமோ இருந்தால் அவசியம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டு வெயிலில் நிறைய நின்றாலும் நகங்கள் எழும்பும். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும், எலிக்காய்ச்சலுக்கும், முகப்பருவுக்கும் இங்கே அதிகம் கொடுக்கப்படும் மருந்து அது. பல விரல்கள் ஒரே சமயத்தில் எழும்பும், வெயில் குறைவாகப் படும் பெருவிரல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். புற்றுநோய்க்கு பேக்லிடாக்சல், டோசிடாக்சல் ஊசி போடுகிறவர்களுக்கும் வரலாம், அவர்கள் தங்கள் மருத்துவரிடமே கேட்கவேண்டும். பார்லரில் ஜெல், அக்ரிலிக் நகம் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு அந்த வேதிப்பொருளே ஒவ்வாமல் போகும், ஒட்டிய நகத்தின் நீளம் நெம்புகோல் மாதிரி இயற்கை நகத்தைத் தூக்கியும் விடும்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நகம் எழும்பும், மோதிரவிரலில்தான் பெரும்பாலும் தொடங்கும். மோதிரவிரல் என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன், பயப்படுத்துவதற்கு இல்லை. உடல் முழுக்க இருக்கும் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு கைகளிலும் தெரியும். உங்களுக்கு வலது கையில் மட்டும் இருப்பதால் காரணம் அந்தக் கை செய்யும் வேலையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் எடை குறைவது, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கேதான் பயோட்டின் குறுக்கே வருகிறது. அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு சோதனை பொய் முடிவைக் காட்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் குறைந்தும் தைராய்டு ஹார்மோன் கூடியும் தெரிந்து, இல்லாத தைராய்டு நோயை இருப்பது போலக் காட்டிவிடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள், சாப்பிட்டதையும் ஆய்வகத்தில் சொல்லுங்கள். சொல்லப்போனால் தொடர்வதற்கே அவசியம் இல்லை. எளிதில் உடைகிற நகத்துக்கு பயோட்டின் கொஞ்சம் உதவலாம் என்பதற்குச் சிறிய அளவில் ஆதாரம் இருக்கிறது. எழும்பிய நகத்தை ஒட்டவைக்கும் என்பதற்கு இல்லை.

நகத்தைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது யூகம்தான். ஆனால் உங்கள் வேலையை நினைத்துப் பார்த்தால் யூகம் கடினமாக இல்லை. காலையில் அரிசி, உளுந்து களைகிறீர்கள். கிரைண்டரிலிருந்து மாவை வழிக்கும்போது வலது கையின் நீளமான இரண்டு விரல்களும்தான் கல்லையும் பாத்திரத்தின் ஓரத்தையும் உரசுகின்றன. கழுவுகிறீர்கள், அடுத்த ஈடு போடுகிறீர்கள், மறுபடி கழுவுகிறீர்கள். தண்ணீரில் ஊறும்போது நகம் உப்பும், காயும்போது சுருங்கும். ஒரு நாளில் இருபது தடவை உப்பிச் சுருங்கினால் அந்த நுனி அடைப்பு தளர்ந்துவிடும். அதன்மேல் ஊக்கு. உங்கள் விரல்களில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது. விட்டுப்போன நகத்தை வெட்டி எடுத்துவிடவேண்டும். பலர் இதற்குத்தான் தயங்குவார்கள், நகம் போனால் அசிங்கமாக இருக்குமே, வலிக்குமே என்று. ஒட்டாத நகத்தில் உணர்ச்சி இல்லை, வெட்டினால் வலிக்காது. அது அங்கே நிற்பதால் நன்மை எதுவும் இல்லை. அது தண்ணீரைத் தேக்கிவைக்கும் ஒரு கூரை, எதிலாவது மாட்டினால் நல்ல பகுதியையும் சேர்த்துத் தூக்கும் நெம்புகோல். குளித்து முடித்த பிறகு நகம் மென்மையாக இருக்கும், அப்போது கையை நன்றாகத் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். நகவெட்டியால் ஒரே வெட்டாக வெட்டப் பார்க்காதீர்கள். ஓரத்திலிருந்து எள்ளளவு எள்ளளவாகக் கத்தரித்துக்கொண்டே போங்கள். இளஞ்சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்பாக நிறுத்துங்கள். பிய்க்கவோ இழுக்கவோ கூடாது. ஓரம் சொரசொரப்பாக இருந்தால் நகம் தேய்க்கும் அட்டையால் ஒரு திசையில் மட்டும் தேய்த்துவிடுங்கள், துணியில் மாட்டாமல் இருக்கும். வெட்டிய பிறகு அடியில் இருந்த சதை இரண்டு மூன்று நாள் கூச்சமாக இருக்கும், சூடு அதிகம் உறைக்கும், அப்புறம் பழகிவிடும். வாரம் ஒரு தடவை பார்த்து, புதிதாக விட்ட பகுதி இருந்தால் மறுபடி கத்தரியுங்கள். வலது கையை இடது கையால் வெட்டுவது சிரமம், வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை ஒரு தோல் மருத்துவரிடம் வெட்டிக்கொள்வது இன்னும் நல்லது, அப்படியே தூளையும் பரிசோதனைக்கு எடுத்துவிடுவார். சர்க்கரை நோய் இருந்தாலோ இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டாலோ வீட்டில் வெட்டவே வேண்டாம்.

அடுத்தது ஈரம். ரப்பர் கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டால் உள்ளே வியர்த்து, தண்ணீரில் இருந்ததைவிட மோசமாக ஊறும். முதலில் மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பரோ நைட்ரைலோ போடவேண்டும். உள்ளே இருக்கும் பருத்தி நனைந்ததும் மாற்றவேண்டும், அதனால் நாலைந்து ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிக் கையைக் காயவிடுங்கள். கிரைண்டர் ஓடும்போது கையுறையோடு கையை உள்ளே விடவே கூடாது, கல்லில் சிக்கிக்கொள்ளும். நிறுத்திவிட்டு, மாவை விரலால் வழிக்காமல் பிளாஸ்டிக் கரண்டியால் வழியுங்கள். அரிசி களையவும் உளுந்தின் தோலை நீக்கவும் முடிந்தால் வீட்டில் இன்னொருவர் கை கொடுக்கட்டும். வேலை முடிந்ததும் மென்மையான பிரஷ்ஷால், நுனியிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும், லேசாகத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் துணியில் ஒற்றுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் சூடில்லாத காற்றில் ஒரு நிமிடம் காட்டலாம். காய்ந்த பிறகு கையின் தோலுக்கும் நகத்தைச் சுற்றியும் கொஞ்சம் வாசலின் தடவுங்கள், ஆனால் நகத்துக்கு அடியில் திணிக்காதீர்கள்.

வீட்டு வைத்தியம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிவைப்பது நகச்சுத்திக்குப் பரம்பரையாகச் செய்வது. நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோல் சீழ் கோத்து வீங்குவது, உங்களுக்கு இருப்பது அது இல்லை. திறந்து கிடக்கும் சதையில் எலுமிச்சைச் சாறு எரிச்சலைத்தான் கொடுக்கும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் மேலே பூசினால் கெடுதல் இல்லை, ஆனால் அடியில் போட்டால் இன்னொரு ஈரமாகத் தங்கும். நகம் பச்சையாக மாறினால் அது பூஞ்சை இல்லை, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, ஈரத்தில் வாழ்வது. விட்ட நகத்தை வெட்டிவிட்டு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தினம் பத்து நிமிடம் விரலை வைத்து எடுத்து உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். பச்சை போன பிறகும் அதைத் தொடரவேண்டாம். சூப்பர் க்ளூ போட்டு நகத்தை ஒட்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அது மட்டும் வேண்டவே வேண்டாம். மருதாணி இலையை அரைத்து நகத்தின் மேலே வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இந்த மூன்று நாலு மாதம் அதையும் நகப்பூச்சையும் தள்ளிவைத்தால் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கமுடியும்.

மருத்துவர்களுக்குள்ளேயே முடிவாகாத விஷயமும் உண்டு. ஈரக்கைக்காரர்களின் நகத்தடியில் தூளை எடுத்துப் பார்த்தால் கேண்டிடா என்ற ஈஸ்ட் அடிக்கடி கிடைக்கும். நகம் எழும்பியதற்கு அதுவா காரணம், எழும்பிய இடத்தில் ஈரம் கண்டு வந்து தங்கிய விருந்தாளியா? என் அனுபவத்தில் பெரும்பாலும் விருந்தாளிதான். நகத்தை வெட்டி உலர்த்தினாலே போய்விடுகிறது. அதனால் உங்கள் முடிவில் கேண்டிடா என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடத் தேவையிருக்காது. எல்லா மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இரத்தசோகையும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைந்தால் நகம் கரண்டி மாதிரிக் குழியலாம் என்பது நிச்சயம். எழும்புவதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவு உறுதியானது இல்லை. சோர்வு இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள், நகத்துக்காக மட்டும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

காத்திருக்கக்கூடாத நிலைகள் சில உண்டு. ஒரே ஒரு விரலில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பது, அடியில் இரத்தம் கசிவது, மரு போல எதுவோ வளர்வது, கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே வந்து பக்கத்துத் தோலிலும் பரவுவது, துடிப்போடு வலியும் சீழும் இருப்பது. தூத்துக்குடியில் இருந்தபோது கல்லூரி மாணவன் ஒருவன் கால் பெருவிரல் நகம் எழும்பி வந்தான். கால் நகம் என்றதும் பூஞ்சை என்று நானே முடிவு செய்து மாத்திரை கொடுத்தேன், பரிசோதனை எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவன் திரும்பி வந்து, செருப்புப் போட்டு நடந்தால் வலிக்கிறது என்றான். எக்ஸ்ரே எடுத்தால் நகத்துக்கு அடியில் எலும்பு ஒன்று துருத்திக்கொண்டு வளர்ந்திருந்தது. சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிட்டது. அந்த மூன்று மாத மாத்திரை அவனுக்குத் தேவையே இல்லாதது. ஒற்றை நகம் என்றால் அன்றிலிருந்து எக்ஸ்ரே எடுக்காமல் விடுவதில்லை. கறுப்புக் கோடோ ஆறாத புண்ணோ இருந்தால் சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்கவும் தயங்கமாட்டேன், அரிதாக அங்கே புற்றுநோயும் வரும். உங்களுக்கு இரண்டு விரல், வலி இல்லை, நிறம் வெள்ளை என்பதால் அந்தப் பயம் இப்போதைக்கு வேண்டாம்.

மாவு வாங்க வருகிறவர்களைப் பற்றி. பரிசோதனை முடிவு வரும்வரை மாவைத் தொடும் வேலை எல்லாம் கையுறையோடு செய்யுங்கள். காயமோ புண்ணோ இருந்தால் மூடிய கையோடுதான் உணவைத் தொடவேண்டும் என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி, அது உங்கள் நகத்துக்கும் நல்லது. யாராவது கேட்டால் ஒளிக்கவேண்டாம். "தண்ணீரிலேயே வேலை, நகம் விட்டுப்போச்சு, டாக்டரிடம் காட்டியிருக்கேன்" என்று சொல்லுங்கள். பாத்திரம் தேய்த்துப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அது புரியும்.

நகத்தை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு விரலையும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில். அப்புறம் மாதம் ஒரு தடவை அதேபோல எடுங்கள். கோடு நுனியை நோக்கி நகர்ந்திருந்தால் இதையே தொடருங்கள். இரண்டு மாதமாகியும் அதே இடத்தில் நின்றாலோ, இடது கையிலும் தொடங்கினாலோ, படங்களையும் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். சாப்பிட்ட மாத்திரையின் பட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் மருந்துக்கடையில் பெயர் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போகும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.